படத்தில் ஆள் இருக்கு, பெயர் இல்லை

மலையகம் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். பனி மூட்டம், நுவரெலியாப் பக்கத்து மலை, முதுகில் கூடையோடு சிரிக்கிற ஒரு பெண். பக்கம் பக்கமாகத் தள்ளினாலும் அதேதான். கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் பிறந்த எங்களுக்கு இதில் இரண்டு கோபம் உண்டு. அந்தப் பெண்ணை யார், எதற்காகச் சிரிக்கச் சொன்னார்கள் என்பது ஒன்று. அந்தப் படத்தில்கூட நாங்கள் இல்லையே என்பது இன்னொன்று. எங்கள் பக்கம் பனி கிடையாது, வேர்வைதான். தேயிலை இருக்கிறது, ஆனால் மலையை விட்டு இறங்கிய தேயிலை. கேகாலைப் பக்கம் அதைவிடக் கூட றப்பர். யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலை, எஹலியகொடை, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை என்று சிங்களக் கிராமங்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கிற லயங்கள் எங்களுடையவை.

கலை, போட்டோ, டிசைன், ஸ்கேட்போர்டு என்று கொஞ்ச காலமாகத் தற்செயலாகக் கண்ணில் பட்டதையெல்லாம் போனில் குறித்து வைத்துக்கொண்டு வந்தேன். எதையும் திட்டமிட்டுத் தேடிப் போகவில்லை. பஸ்ஸில், கடையில், மருமகன் காட்டிய வீடியோவில் என்று வந்து விழுந்தவை. இப்போது வரிசையாக வாசித்தால் எல்லாமே சுற்றிச் சுற்றி எங்கள் தோட்டத்துக்கே வந்து நிற்கின்றன. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், தேத்தண்ணி ஊத்திக்கொண்டு உட்காருங்கள்.

பெயாரிங் வண்டி

தங்கச்சி மகன் ஓ.எல். எழுதப் போகிறவன். பாடப் புத்தகத்தைவிட போனைத்தான் அதிகம் திறப்பான். ஒரு நாள் அதை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"மாமா, இதப் பாருங்க. நம்ம வண்டி மாதிரியே இருக்கு."

கலிபோர்னியாவில் தண்ணீர் வற்றிய நீச்சல் குளம் ஒன்றுக்குள் பையன்கள் பலகையில் நின்று சுவரேறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். நம்ம வண்டி என்று அவன் சொன்னது தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஓட்டிய பெயாரிங் வண்டியை. கராஜில் கழித்துப் போட்ட இரும்பு பெயாரிங் மூன்றோ நாலோ, ஒரு பழைய பலகை, முன்னால் திருப்புவதற்கு ஒரு குறுக்குச் சட்டம், அதில் கட்டிய கயிறு. பிரேக் என்றால் செருப்புக் கால். ஸ்டோருக்குப் போகிற கொங்கிரீட் ரோட்டின் உச்சியில் ஏறி விட்டால் கீழே வாய்க்கால் வரைக்கும் ஒரே இரைச்சல். பெயாரிங் கிடைக்காதவர்களுக்குப் பாக்கு மட்டை. ஒருவன் மட்டையில் உட்கார, இன்னொருவன் ஓலையைப் பிடித்து இழுப்பான். கேகாலையும் இரத்தினபுரியும் சேர்ந்த எங்கள் சப்ரகமுவையில் பாக்கு மரத்துக்குப் பஞ்சமே இல்லை.

மருமகனுக்கு இருந்த அதே ஆவல் எனக்கும் தொற்றிக்கொள்ள, ஸ்கேட்போர்டின் கதையை வாசிக்கத் தொடங்கினேன். அதுவும் கையில் கிடைத்ததைத் தட்டிச் சேர்த்த வண்டியாகத்தான் பிறந்திருக்கிறது. 1950களில் அலைச்சறுக்குக்காரர்கள் சக்கரச் சப்பாத்தின் சக்கரத்தைக் கழற்றிப் பலகையில் அடித்து ஓட்டினார்கள். முதலில் இரும்புச் சக்கரம், பிறகு களிமண் கலவைச் சக்கரம். சிறு கல் ஒன்று தட்டினாலும் வண்டி நிற்கும், ஆள் பறப்பான். இது எங்களுக்குத் தெரியாத அனுபவமா? 1973இல் ஃபிராங்க் நாஸ்வர்த்தி என்பவர் யூரித்தேன் சக்கரத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்தார். அது ரோட்டைப் பிடித்துக்கொண்டது, சத்தமும் குறைந்தது. 1976, 77இல் கலிபோர்னியாவில் கடும் வறட்சி. வீடுகளின் நீச்சல் குளங்கள் காலியாகக் கிடக்க, வேலி பாய்ந்து உள்ளே இறங்கிய பையன்கள் புதிதாக ஒரு விளையாட்டையே உண்டாக்கிவிட்டார்கள். இப்போது அது ஒலிம்பிக்கில் இருக்கிறது.

சக்கரத்துக்குள்ளே இருப்பது என்ன தெரியுமா? நம்முடைய அதே பெயாரிங்தான், அளவு மட்டும் சின்னது. 608 என்பார்கள். உள் விட்டம் 8 மில்லிமீற்றர், வெளி விட்டம் 22, அகலம் 7. சக்கரத்துக்கு இரண்டு வீதம் ஒரு போர்டுக்கு எட்டு. மருமகன் இப்போது கராஜ் கராஜாக 608 கேட்டுத் திரிகிறான். லொறி பெயாரிங் எல்லாம் பெரிசு என்று சலிப்பு.

ஆனால் எனக்கு மனதில் நின்றது வேறு விஷயம். சான்டா மொனிக்காவின் கரையோரத்து ஏழைத் தெருக்களில் ஓடிய அந்தப் பையன்களை கிரெய்க் ஸ்டெசிக் என்பவர் படம் பிடித்து, எழுதி, பத்திரிகையில் போட்டார். படத்தோடு பெயரும் போனது. டோனி அல்வா, ஜே ஆடம்ஸ், ஸ்டேசி பெரால்டா, அந்தக் கூட்டத்தில் ஒரே பெண்ணான பெகி ஓகி. வேலி பாய்ந்த பையன்கள் பெயரோடு உலகத்துக்குத் தெரிந்தவர்கள் ஆனார்கள்.

தமிழ்ப் பக்கத்திலும் ஒரு கதை இருக்கிறது. மாமல்லபுரத்து மீனவக் குடும்பத்துச் சிறுமி கமலி மூர்த்தி வெறுங்காலோடு ஸ்கேட்போர்டில் இறங்குகிற படத்தை அமெரிக்க ஸ்கேட்டர் ஜேமி தோமஸ் எடுத்தார். ஸ்கேட்போர்டு நட்சத்திரம் டோனி ஹோக் அதைப் பகிர, உலகம் முழுக்கப் போனது. 2019இல் சாஷா ரெயின்போ 'கமலி' என்றே ஒரு ஆவணப்படம் எடுத்தார். பிள்ளையைத் தனியாக வளர்த்த அம்மாவின் கதையும் அதற்குள் இருக்கிறது. கமலி இப்போது இந்தியாவின் அலைச்சறுக்குப் போட்டிகளில் பட்டம் வெல்கிறவர். படத்தின் தலைப்பே பெயர். "மாமல்லபுரத்துச் சிறுமி" என்று மட்டும் போட்டிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்போம்.

சப்பாத்துக்கு அடியில் என்ன?

போர்டைப் பார்த்த கண் அடுத்துச் சப்பாத்தைப் பார்க்கும். 1966இல் கலிபோர்னியாவின் அனஹைமில் வான் டோரன் றப்பர் கம்பனி ஒரு சிறிய கடை திறந்தது. வான்ஸ் என்று நாம் அறிவது அதைத்தான். அதன் அடியில் உள்ள சாய்சதுரக் கட்டங்கள் பலகையை இறுகப் பிடித்துக்கொள்வதைக் கண்டு 70களின் ஸ்கேட்டர்கள் அதையே காலில் மாட்டினார்கள். கம்பனியின் பெயரிலேயே றப்பர் இருந்தது. வாசிக்கும்போது தோட்டத்துப் பிள்ளைக்கு அங்கே கண் நிற்கத்தான் செய்யும்.

அதைவிட நெருக்கமான ஒன்று உண்டு. கிளார்க்ஸ் கம்பனியின் டெசர்ட் பூட், 1950இல் வந்தது. டிசைன் புத்தகம் எதைத் திறந்தாலும் அது இருக்கும். அதன் அடி தேன் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கிற கிரேப் றப்பர். யமேக்காவில் அந்தச் சப்பாத்துக்கு அப்படி ஒரு பித்து. 2010இல் அங்கத்துப் பாடகர் வைப்ஸ் கார்ட்டெல் அதன் பெயரிலேயே ஒரு பாட்டுப் போட்டார். கிரேப் றப்பர் செய்வதில் உலகத்தில் முதலில் சொல்கிற பெயர் இலங்கைதான். கேகாலை, இரத்தினபுரி, களுத்துறைப் பக்கத்து ஸ்டோர்களில் செய்கிறார்கள்.

எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சாதாரண சீட் என்றால் பாலை அமிலம் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்து, புகைக்கூட்டில் தொங்கவிடுவார்கள். கடைசி உருளையில் வரி வெட்டியிருக்கும். ஈரம் சீக்கிரம் போகவும், சீட்டோடு சீட் ஒட்டாமல் இருக்கவும்தான் அந்த வரி. பார்க்கிறவனுக்கு அது அழகான டிசைன், ஸ்டோர்க்காரருக்கு அது காய்கிற வழி. நல்ல டிசைன் என்று பெரிய பெரிய புத்தகங்களில் எழுதுவதும் இதைத்தானே? கிரேப்பில் புகையே கிடையாது. மஞ்சள் நிறத்தை எடுத்துவிட்டு, உருளையில் திரும்பத் திரும்ப அரைத்து, மெல்லிய துணியாக இழுத்து, நிழலில் காய வைப்பார்கள். அதற்குப் பிறகுதான் கண் வேலை. பெண்கள் மேசை ஓரமாக வரிசையாக நின்று, வெளிச்சத்தில் அடுக்கடுக்காக விரித்துப் பார்ப்பார்கள். பட்டைத் துகளோ மண்ணோ ஒரு கரும்புள்ளி தெரிந்தால், கத்திரிக்கோலால் அந்த இடத்தை மட்டும் நகத்தளவு வெட்டி எடுப்பார்கள். நாள் முழுக்க வெள்ளையில் கறுப்பைத் தேடுகிற வேலை. பிறகு அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தினால் சப்பாத்து அடி தயார்.

இலண்டன் கடையில் அந்தச் சோடி என்ன விலைக்குப் போகும் என்பதை விடுங்கள். பெட்டியில் டிசைனர் பெயர் இருக்கும், கம்பனி பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும். எந்தத் தோட்டத்து மரம், யார் கை வெட்டிய கரும்புள்ளி என்பது மட்டும் இருக்காது.

மரத்தில் ஒரு கோடு

இன்னொரு டிசைன் சமாச்சாரத்தையும் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் நாம் தினம் பார்த்துப் பார்த்துக் கண்ணில் விழாமலே போனது. றப்பர் மரம் இங்கே வந்ததே 1876இல். பிரேசிலில் இருந்து போன விதை இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, சுமார் 1,900 கன்றுகளாகக் கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்துக்கு வந்தது. கோப்பி நோய் பிடித்து அழிந்துகொண்டிருந்த காலம். அங்கிருந்துதான் களனிப் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவியது.

பால் வெட்டுகிறவர்களின் கையை உற்றுப் பாருங்கள். விடிவதற்கு முன்னே போய்விட வேண்டும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, மரத்தின் பாதிச் சுற்றளவுக்குச் சாய்வாக ஒரு கோடு. முந்தைய கோட்டுக்குக் கீழே ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. ஆழம் கொஞ்சம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் வராது. கோட்டின் முனையில் தகரப் பீலி, அதற்குக் கீழே சிரட்டை. இப்படி வருசக் கணக்காகக் கோட்டுக்குக் கீழ் கோடாக வெட்டிக்கொண்டே வரும்போது பட்டையில் ஒரு படி இறங்குகிறது, மேலே புதுப் பட்டை மூடிக்கொண்டு வருகிறது. எங்கள் அம்மாயி வெட்டிய மலையை நான் நடந்து பார்த்திருக்கிறேன். "இந்தா, இது என் கைடா. அது பக்கத்து வரிசைக்காரி கை, ஆழமா விட்டிருக்கா பாரு" என்று மரத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லும். அந்தக் காலத்து மரங்கள் இப்போது இல்லை. வயதான மரத்தை வெட்டி விறகுக்கும் தளபாடத்துக்கும் அனுப்பிவிட்டு மறுநடுகை செய்தாயிற்று. அம்மாயியின் கோடுகளும் அதோடு போயின.

கமெரா எங்களைப் பார்த்த விதம்

போட்டோ என்று வந்தால் இலங்கைத் தோட்டத்துக்கும் உலகப் புகைப்படக் கலைக்கும் உள்ள தொடர்பு நாம் நினைப்பதைவிடப் பழையது. ஜூலியா மார்கரெட் கமரன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் கையில் கமெரா கிடைத்து, டெனிசன், டார்வின், ஹெர்ஷல் என்று அந்தக் காலத்து இங்கிலாந்தின் பெரிய தலைகளை எல்லாம் நெருக்கமாகப் படம் எடுத்தவர். புகைப்படம் கலையாகலாம் என்று காட்டிய முதல் ஆட்களில் ஒருவர். அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரன் நமக்குப் பாடப் புத்தகத்தில் வருகிற அதே கோல்புறூக்-கமரன் ஆணைக்குழுக்காரர், இங்கே கோப்பித் தோட்டங்கள் வைத்திருந்தவர். 1875இல் இருவரும் இலங்கைக்கே வந்து சேர்ந்தார்கள். களுத்துறையில் இருந்துகொண்டு அம்மா படம் எடுத்தார். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கத்தில் இறந்தார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது.

அவர் இங்கே எடுத்ததில் மிஞ்சியிருப்பவை கொஞ்சம்தான். அதில் தோட்டத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். அருங்காட்சியகங்களின் தளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். அழகான படங்கள், அதை மறுக்க முடியாது. முகத்தில் வெளிச்சம் விழுகிற விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் கீழே தலைப்பைப் பாருங்கள். டெனிசனை எடுத்தால் டெனிசன் என்று போட்ட அதே கை, 1878இல் எடுத்த ஒரு படத்துக்கு 'களுத்துறைக் குடியானவர்கள் குழு' என்று போட்டிருக்கிறது. வீட்டு வாசலில் நிற்கிற ஆளிடம் பெயர் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

அதன் பிறகு வந்தவர்கள் அந்த அழகைக்கூட வைக்கவில்லை. கொழும்பின் ஸ்கீன், பிளாட்டே ஸ்டூடியோக்கள் தபாலட்டையாக அச்சடித்து விற்றார்கள். 'தமிழ்க் கூலி', 'கொழுந்து பறிக்கும் பெண்' என்று ஆளுக்கு ஒரு வகைப் பெயர். லிப்டன் விளம்பரம், தேயிலைப் பெட்டி, நாட்காட்டி என்று அந்தக் கூடைக்காரி உலகம் சுற்றினாள். இன்றைக்கு இணையத்தில் சிரிக்கிறவள் அவளுடைய பேத்திதான்.

1934இல் வந்த 'சோங் ஒஃப் சிலோன்' என்ற ஆவணப்படத்தையும் யூடியூப்பில் தற்செயலாகப் பார்த்தேன். பாசில் ரைட் எடுத்தது, நம்ம நாட்டுப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் குரல் கொடுத்தது. அடுத்த வருசம் பிரசல்ஸ் விழாவில் முதல் பரிசு வாங்கியது. சிவனொளிபாதமலை ஏறுகிற யாத்திரிகர்கள், கண்டிய நடனம், கிராமத்துப் பிள்ளைகள் என்று சட்டகம் சட்டகமாக நிறுத்திப் பார்க்க வைக்கிற படம். சினிமா படிக்கிறவர்கள் இன்றைக்கும் இதைப் பார்க்கிறார்கள். காசு கொடுத்தது தேயிலைப் பிரசாரச் சபை. ஆனால் தேயிலையை உண்டாக்கியவர்களுக்குப் படத்தில் கிடைத்த இடத்தை விரலால் எண்ணிவிடலாம்.

நாங்களாகப் போய் நின்ற படம்

நாங்களே காசு கொடுத்து எடுத்துக்கொண்ட முதல் படங்கள் எவை? எங்கள் பக்கத்து வீடுகளில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். பாஸ்போட்டுக்கு எடுத்தது.

1948இல் குடியுரிமை போனது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுப்பதாகவும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பதாகவும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாகவும் இரண்டு நாடும் ஆளைப் பங்கு போட்டன. விண்ணப்பத்துக்குப் படம் வேண்டும். தோட்டத்தில் இருந்து குடும்பமாக அவிசாவளைக்கோ இரத்தினபுரிக்கோ பலாங்கொடைக்கோ போய், ஸ்டூடியோவில் திரைக்கு முன்னால் நின்று எடுத்தார்கள். ஆண்கள் இரவல் கோட்டு, பெண்கள் கலியாணச் சேலை, பிள்ளைகள் கண்ணைக் கொட்டாமல். கமெராவைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களின் கையில் அந்தப் படம் ஒன்று இருந்தது, இங்கே நின்றவர்களிடம் அதன் பிரதி ஒன்று இருந்தது. இன்றைக்கு ஊட்டி, கூடலூர், கொத்தகிரிப் பக்கம் உள்ள வீட்டிலும் தெஹியோவிட்ட லயத்திலும் ஒரே படம் தொங்கினால் அதில் அதிசயம் இல்லை.

என் கணக்கில் மலையகத்தின் மிகப் பெரிய உருவப்படத் தொகுப்பு அதுதான். நான் அறிந்து எந்தக் காட்சியகமும் இன்னும் அதைச் சுவரில் மாட்டவில்லை.

அதிலும் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு கூடுதல் இழப்பு. 1977, 1981, 1983 கலவரங்கள். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தைப் பக்கத்துத் தோட்டங்களில் லயங்களைக் கொளுத்தியபோது ஓடியவர்கள் பிள்ளையைத் தூக்கினார்கள், அல்பத்தைத் தூக்கவில்லை. வீட்டில் பழைய படம் ஒன்றுகூட இல்லாத குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள், காரணம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

கொழும்பில், கடைகளுக்கு நடுவே

கொள்ளுப்பிட்டி கிரெஸ்கட் கடைத்தொகுதிக்கு நான் போனது ஒரு சாமான் வாங்க. ஏ.சி. குளிருக்கு இன்னும் கொஞ்சம் நிற்கலாம் என்று சுற்றியபோது, கடைகளுக்கு நடுவே ஒரு கலைக்கூடம். இலங்கை நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம். 2019 டிசம்பரில் தொடங்கியது, பிறகு இங்கே வந்தது. காசு கேட்கவில்லை. அதைவிட முக்கியம், ஒவ்வொரு படைப்புக்கும் பக்கத்தில் உள்ள குறிப்பு சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அரச கந்தோர்ப் பலகையில் கிடைக்காத தமிழ், ஓவியத்துக்குப் பக்கத்தில் பிழையில்லாமல் கிடைத்தது. நம்ம ஆட்கள் கலரி என்றால் வாசலோடு திரும்பிவிடுவார்கள். திரும்ப வேண்டாம், உள்ளே போங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அங்கே தொடங்கிய ஆர்வத்தில் போனில் தேடித்தான் ஹனுஷா சோமசுந்தரத்தைக் கண்டுபிடித்தேன். ஹட்டன் பக்கத்துக்காரர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்தவர். தேயிலைச் சாயக் கறை, வடிகட்டி, தேநீர்ப் பை என்று நம்ம அடுப்படியில் கிடக்கிறதையே எடுத்து வேலை செய்கிறார். அந்தக் கறையைப் பார்த்தபோது கூடைக்காரி தபாலட்டைக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். சிரிக்கிற முகமே அதில் தேவைப்படவில்லை. கீழே பெயர் மட்டும் இருக்கிறது, போட்டவரே போட்ட பெயர். அருள்ராஜ் உலகநாதன் போன்ற இன்னும் சிலரும் லயத்து வாழ்க்கையை உள்ளே இருந்து வரைகிறார்கள். தேடிப் பாருங்கள்.

இன்னொன்று, ஓவியர் த. சனாதனனின் 2011ஆம் ஆண்டுப் புத்தகம், 'முற்றுப்பெறாத தோம்பு'. ரேக்கிங் லீவ்ஸ் வெளியீடு. போரில் வீட்டை இழந்த வடபகுதி மக்களிடம், உங்கள் வீட்டை ஞாபகத்தில் இருந்து வரையுங்கள் என்று கேட்டிருக்கிறார். அவர்கள் போட்ட கிறுக்கல், கட்டடக் கலைஞர் ஒழுங்காக வரைந்த பிளான், சனாதனனின் சித்திரம், மூன்றும் சேர்ந்து ஒரு காணிப் பதிவேடாக வந்திருக்கிறது.

இதை நம்ம லயத்தில் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, பின்னால் அடுப்படி. எத்தனை பேரிடம் கேட்டாலும் ஒரே பிளான்தான் வரும், அதை வெள்ளைக்காரன் எப்போதோ வரைந்துவிட்டான். வித்தியாசம் எல்லாம் உள்ளே இருக்கிறது. சாமிப் படம் எந்தச் சுவரில், தொட்டில் கட்டிய கொக்கி எங்கே, படிக்கிற பிள்ளைக்குச் சேலையால் மறைத்த மூலை எது. 2016 மே மாத மழையில் புளத்கொஹுப்பிட்டியவின் களுபஹன தோட்டத்தில் லயமே மண்ணுக்குள் போனது. அங்கே எந்தக் காம்பராவில் எது இருந்தது என்று வரைந்து வைத்திருந்தால் நம்மிடமும் ஒரு தோம்பு இருந்திருக்கும். சனாதனனின் முறையை எடுத்துக்கொண்டு இதைச் செய்ய நுண்கலை மாணவர் யாராவது முன்வந்தால், எங்கள் டிவிசனில் வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போக நான் தயார்.

ரோட்டில் பார்த்தவை, சுருக்கமாக

த்ரீவீல் பின்கண்ணாடி. ஒரே கண்ணாடியில் சேகுவேரா, பொப் மார்லி, முருகன், விஜய். தனியாக ஒரு பதிவு எழுதலாம்.

சுவர்ச் சித்திரங்கள். 2019 கடைசியில் நாடு முழுக்க இளைஞர்கள் தூரிகையோடு கிளம்பினார்களே, அது. பழைய அரசர், சிங்கம், யானை எல்லாம் வந்தார்கள். எங்கள் பக்கம் நான் பார்த்த சுவர்களில் பால் வாளியோடு ஒருவரும் வரவில்லை.

பாக்கு மட்டைத் தட்டு. நாங்கள் உட்கார்ந்து இழுபட்ட மட்டையை அச்சில் அழுத்தித் தட்டாக்கி, சூழலுக்கு நல்லது என்று வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். உண்மையில் நல்ல டிசைன்தான். வீட்டுக் கலியாணத்துக்கும் வாங்கலாம்.

காமன் கூத்து. மாசியில் காமன் நட்டதிலிருந்து தகனம் வரைக்கும் இரவு இரவாக நடக்கிறது. ரதியும் மன்மதனும் லயம் லயமாகப் போய் ஆடுவார்கள், திடல் முழுக்கத் தோட்டமே நடிகர். நகரத்தில் இதைத்தான் நிகழ்த்துக் கலை என்று நோட்டீஸ் அடித்துச் செய்கிறார்கள். கடதாசிக் கிரீடம் ஒட்டுகிற அண்ணன்மார்களைப் படம் எடுக்கும்போது பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களிடம் ஒரு வேலை

நமக்குக் கலை இல்லை என்கிற புலம்பலில் எனக்கு நம்பிக்கை இல்லை. உலகச் சப்பாத்துக்கு அடி கொடுத்தோம், உலகக் கமெராவுக்கு முகம் கொடுத்தோம். எழுதி வைக்காதது பெயரை மட்டும்தான். மற்றவர்கள் எழுதவில்லை என்று நூற்றைம்பது வருசமாகக் குறை சொல்கிறோம், அது நியாயம். ஆனால் நம் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கிற படத்தின் பின்பக்கமும் வெறுமையாகத்தானே இருக்கிறது?

ஆகவே இதைச் செய்யுங்கள். வீட்டில் உள்ள பழைய படங்களை எடுங்கள், முதலில் பாஸ்போட் படங்களை. வீட்டில் வயதில் மூத்தவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள், பேனை வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். ஆளின் பெயர், உறவு, தோட்டம், டிவிசன், தெரிந்தால் வருசம், ஸ்டூடியோவின் ஊர். பிறகு ஃபிளாஷ் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். மூத்தவர் பேசுகிறதை அதே போனில் பதிவு செய்யுங்கள். அந்தத் தலைமுறை போனால் முகம் மட்டும்தான் மிஞ்சும்.

வைக்க இடம் இல்லை என்று சொல்ல வேண்டாம். தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்குகிற நூலகம் நிறுவனம் 2005இலிருந்து இயங்குகிறது. கம்பளைப் பக்கத்தில் பழைய லயத்திலேயே அமைத்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007இலிருந்து இருக்கிறது. இரண்டிலும் சப்ரகமுவையின் பங்கைக் கூட்ட வேண்டியது நாம்தான்.

படம் எடுக்கிற தம்பி தங்கச்சிமாருக்கும் ஒரு வார்த்தை. தோட்டத்துக்குள் யாரை எடுத்தாலும் பெயர் கேட்டு, கேட்டதைப் படத்தோடு போடுங்கள். "கொழுந்து பறிக்கும் பெண்" என்று இனி ஒரு படம்கூட நம் கையில் இருந்து போகக் கூடாது.